கனவில் ஓங்கிய கை

கோவை நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் வடவள்ளியையும் கடந்து தொண்டாமுத்தூரை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நொய்யல் ஆற்றுப் படுகையில் அமைந்த ஊர் அது. பாக்கும் தென்னையும் வாழையும் அங்குத் தழைத்து நிற்கின்றன. பகலில் உழைப்பு, இரவில் காவல் என்பது அவ்வூர் உழவர்களின் வாழ்க்கை. மலைக்காட்டிலிருந்து இறங்கும் யானைகள் வாழைத் தோட்டத்துக்குள் புகுவது அங்குப் புதிய செய்தியன்று. ஆகவே, நள்ளிரவில் ஒரு வீட்டிலிருந்து கூச்சல் எழுந்தால் அக்கம்பக்கத்தார் யானை வந்துவிட்டது என்றே எண்ணுவர்.

அவ்வூரில் தோட்டத்து வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வீட்டுத் தலைவருக்கு வயது அறுபத்திரண்டு. பகலில் அதிர்ந்து பேசாதவர். சில ஆண்டுகளாக விடியற்காலை மூன்று, நான்கு மணியளவில் உறக்கத்திலேயே கூவுகிறார், காலை உதைக்கிறார், கையை ஓங்கிச் சுவரில் அறைகிறார். ஒருநாள் அந்த அடி அருகில் படுத்திருந்த மனைவியின் தோளில் விழுகிறது. "ஏனுங்க, எந்திரிங்க" என்று அவர் உலுக்கியதும் உடனே தெளிந்துவிடுகிறார். தோட்டத்துக்குள் யானை புகுந்ததையும், தீப்பந்தத்தோடு தாம் அதைத் துரத்தியதையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். "கெட்ட கனவுதானுங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டினாச் சரியாப் போயிருமுங்க" என்கிறார் உறவினர் ஒருவர். கயிறும் கட்டப்படுகிறது.

இவருக்குக் கை நடுங்கவில்லை; நடை தளரவில்லை; நினைவும் குன்றவில்லை. இரத்தத்தை ஆய்ந்தாலும் குறை எதுவும் தென்படாது. ஆயினும், பத்து ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படக்கூடிய நரம்புச் சிதைவு நோய் ஒன்று இவ்வீட்டுக்குள் ஏற்கெனவே அடியெடுத்து வைத்திருக்கலாம். இவ்வீடு கற்பனை. இத்தகைய இரவுகள் கற்பனையல்ல. அவற்றின் பொருளை மருத்துவ உலகம் கண்டறியத் தொடங்கியது 1980களில்தான்.

உறக்கத்தின் பூட்டு

தமிழில் 'துஞ்சுதல்' என்னும் சொல் உறங்குதலையும் குறிக்கும், இறத்தலையும் குறிக்கும். இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என மன்னர்களை அவர்கள் மறைந்த இடத்தைக் கொண்டு அழைத்தது சங்க மரபு. உறக்கம் என்பது உடலும் உள்ளமும் ஓய்ந்து கிடக்கும் நிலை என்னும் எண்ணம் பிற நாடுகளிலும் இருந்தது. அறிவியலாளரும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ அவ்வாறே கருதினர்.

1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் ஆகிய இருவர் இவ்வெண்ணத்தை அசைத்தனர். உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் சில வேளைகளில் மிக விரைவாக அங்குமிங்கும் ஓடுவதை அவர்கள் கருவிகளால் பதிவு செய்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். மூளையின் மின்னலைகளோ விழித்திருப்பவரின் மின்னலைகளைப் போலவே சுறுசுறுப்பாக இருந்தன. இந்நிலை 'விரைவிழி உறக்கம்' எனப்படுகிறது. இது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து போகும். இரவின் பிற்பகுதியில் நீண்ட நேரம் நிலைக்கும். தோட்டத்து வீட்டில் கூச்சல் எழும் நேரம் விடியற்காலையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூளை இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தும், கனவில் ஓடுபவர் படுக்கையை விட்டு ஏன் எழுந்து ஓடுவதில்லை? மூளைத்தண்டில் அமைந்த சில நரம்பணுத் தொகுதிகள் அவ்வேளையில் தண்டுவடத்துக்குத் தடை ஆணை அனுப்புகின்றன. கைகால் தசைகள் முற்றாகத் தளர்ந்துவிடுகின்றன. மூச்சுக்குரிய உதரவிதானமும் கண்ணை அசைக்கும் தசைகளும் இத்தடைக்கு விலக்கு. கனவு என்னும் கூத்து மூளைக்குள் நடக்கும். உடல் என்னும் மேடை பூட்டியே இருக்கும்.

இப்பூட்டு திறப்பதில் சற்றுத் தாமதம் நேர்வதும் உண்டு. விழிப்பு வந்துவிட்டது, கண்ணும் திறந்துவிட்டது, கையையோ காலையோ அசைக்க முடியவில்லை, மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போன்ற அச்சம் எழுகிறது. நாட்டுப்புறத்தார் இதனை 'அமுக்குவான்' என்பர். அமுக்குவான் பேயுமன்று, மூளைச் சிதைவின் அறிகுறியுமன்று. தேர்வுக் காலத்தில் உறக்கம் கெட்ட மாணவருக்கும் வரக்கூடியது. தொண்டாமுத்தூர் உழவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவரிடம் பூட்டு திறக்க மறுக்கவில்லை, பூட்டிக்கொள்ளவே மறுக்கிறது.

பூனையும் மளிகைக் கடைக்காரரும்

பூட்டு பழுதுபட்டால் என்ன நேரும் என்பதை முதலில் காட்டியவை பூனைகள். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர் மிஷெல் ஜூவே, 1960களில் பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்து ஆராய்ந்தார். அப்பூனைகள் விரைவிழி உறக்கத்தில் எழுந்து நின்றன. இல்லாத எலியைப் பதுங்கிப் பாய்ந்து பிடித்தன. அவ்வளவும் உறக்கத்திலேயே நிகழ்ந்தன. மனிதரிடத்தும் இவ்வாறு நேரக்கூடும் என்று அப்போது பெரிதாக எவரும் எண்ணவில்லை.

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், உளநல மருத்துவர் கார்லோஸ் ஷென்க்கிடம் 67 வயதான ஓய்வுபெற்ற மளிகைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தில் எதிரணி வீரரை மோதிச் சாய்ப்பதாகக் கனவு கண்டு, படுக்கையிலிருந்து பாய்ந்து, அலமாரியில் மோதிக்கொண்டவர் அவர். ஷென்க்கும் நரம்பியல் மருத்துவர் மார்க் மகோவால்டும் அவரையும் அவரையொத்த பிறரையும் உறக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, இரவு முழுவதும் தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்தனர். தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் விரைவிழி உறக்கத்தில் துடித்தன. 1986இல் இதனைத் தனி நோயாக அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். 'விரைவிழி உறக்க நடத்தைக் கோளாறு' என்பது அதன் பெயர். நெடிய பெயராயினும் பொருள் எளியது. கனவை உடலால் நடித்துக் காட்டும் கோளாறு.

கதை இங்கு முடிந்திருந்தால் இது ஒரு விந்தைச் செய்தியாகவே நின்றிருக்கும். அம்மருத்துவர்கள் தம்மிடம் வந்தவர்களைக் கைவிட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததே இத்துறையின் திருப்புமுனை. 50 வயதைக் கடந்த 29 ஆண்களுள் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் தோன்றியிருப்பதை 1996இல் அவர்கள் வெளியிட்டனர். மேலும் ஆண்டுகள் கழிந்தன. 2013இல் அதே குழுவில் தொடர்ந்து கண்காணிக்க இயன்ற 26 பேருள் 21 பேர் பார்க்கின்சன் வகை நோய்க்கோ மறதி நோய்க்கோ ஆளாகியிருந்தனர். ஒரே ஊரின் சிறு குழுவைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று ஐயுற்றவர்களுக்கு 2019ஆம் ஆண்டு ஆய்வு விடையளித்தது. 24 மையங்களைச் சேர்ந்த 1,280 பேரை ஆராய்ந்த அப்பன்னாட்டு ஆய்வில், ஆண்டுக்கு 100க்கு ஏறத்தாழ 6 பேர் என்னும் வீதத்தில் நரம்புச் சிதைவு நோய்கள் வெளிப்பட்டன. 12 ஆண்டுகளில் அவ்வாய்ப்பு நான்கில் மூன்று பங்கை நெருங்கியது.

அடியிலிருந்து ஏறும் சிதைவு

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் கண்ட ஆறு பேரை முன்வைத்து நடுக்குவாதம் பற்றிய கட்டுரையை எழுதினார். கை நடுக்கம், குனிந்த உடல், குறுகி விரையும் நடை ஆகியவற்றை அவர் விளக்கியது போல் இன்றும் விளக்குதல் அரிது. அவர் பார்த்தது நோயின் பகற்பொழுதை. நடுமூளையில் கருநிறத் திட்டாகத் தோன்றும் பகுதியில் உள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை அழிவதனால்தான் நடுக்கமும் தளர்ச்சியும் உண்டாகின்றன. அந்நரம்பணுக்களில் ஏறத்தாழப் பாதியளவு அழிந்த பின்னரே வெளியில் அறிகுறி தெரிகிறது என்பது பின்னாளில் அறியப்பட்டது. நடுக்கம் தொடங்கிய நாளை நோய் தொடங்கிய நாளாகக் கொள்வது, கூரை சரிந்த நாளைக் கறையான் வந்த நாளாகக் கொள்வது போன்றது.

ஆல்ஃபா சைனுக்ளின் என்னும் புரதம் நரம்பணுக்களில் இயல்பாகவே இருப்பது. அது மடிப்புத் தவறித் திரண்டு உருண்டைகளாகத் தேங்கும்போது அணுக்கள் நலிகின்றன. 1912இல் பிரித்ஸ் லூவி கண்ட இவ்வுருண்டைகள் அவர் பெயரால் 'லூவி உருண்டைகள்' எனப்படுகின்றன. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைகோ பிராக், இத்தேக்கம் பலரிடம் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் மோப்பத்துக்குரிய பகுதியிலும் தொடங்கி மெல்ல மேலேறுகிறது என்று 2003இல் விளக்கினார். ஒவ்வொரு நோயாளியிடமும் இவ்வரிசை மாறாது நிகழ்வதில்லை எனினும், பல புதிர்கள் இதனால் அவிழ்ந்தன.

உறக்கத்தின் பூட்டு இருப்பது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிகளில். டோபமின் சுரக்கும் கருநிறத் திட்டு இருப்பதோ அதற்கு மேலே, நடுமூளையில். சிதைவு கீழிருந்து ஏறி வருமாயின் முதலில் கெடுவது பூட்டு, பின்னர்த்தான் நடை. இரவில் ஓங்கிய கைக்கும் பகலில் நடுங்கும் கைக்கும் இடையே பத்து, பதினைந்து ஆண்டுகள், சிலரிடம் அதனினும் நீண்ட காலம், இருப்பது இதனால்தான். மல்லிகையின் மணமோ காப்பியின் மணமோ மெல்ல மெல்லத் தெரியாமற்போவதும், தீராத மலச்சிக்கலும் இதே காலத்தில் தோன்றக்கூடியவை. தனித்தனியே பார்த்தால் இவை முதுமையின் எளிய தொல்லைகள். ஒருவரிடமே சேர்ந்து வரும்போது மருத்துவர் செவிசாய்க்கிறார்.

தொண்டாமுத்தூர் போன்ற ஊர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. பத்து நாடுகளில் இவ்வுறக்கக் கோளாறு உடைய 347 பேரும், கோளாறு இல்லாத 347 பேரும் ஒப்பிடப்பட்டனர். பூச்சிக்கொல்லியோடு தொழில்முறையில் புழங்கியவர்கள் முதற்குழுவில் 100க்கு ஏறத்தாழ 12 பேர். இரண்டாம் குழுவில் 6 பேர். உழவுத் தொழில் செய்தவர்களும், தலையில் அடிபட்டவர்களும், புகைப்பிடித்தவர்களும் முதற்குழுவில் மிகுந்திருந்தனர். இரண்டு சேர்ந்து காணப்படுவதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஆயினும், பாராகுவாட் என்னும் களைக்கொல்லியும் ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியும் ஆய்வுக்கூட விலங்குகளில் டோபமின் அணுக்களைச் சிதைப்பது வேறு ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மூக்கில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே மருந்தடிக்கும் வழக்கத்தைக் கையுறையும் முகக்கவசமும் கொண்டு மாற்றுவதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அல்சைமரும் குறைந்த உறக்கமும்

மறதி நோய்களுள் மிகப் பரவலான அல்சைமர் நோய்க்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரானதன்று. அங்குத் தேங்குவது வேறு புரதம், அது அமிலாய்டு. 2013இல் மைக்கன் நெடர்கார்டு குழுவினர், எலிகள் உறங்கும்போது மூளையணுக்களின் இடைவெளி விரிந்து அமிலாய்டு விரைவாக வெளியேறுவதைக் கண்டதாக அறிவித்தனர். அக்கண்டுபிடிப்பைப் பிற்கால ஆய்வுகள் சில மறுத்துள்ளன. வழக்கு இன்னும் முடியவில்லை. பிரித்தானிய அரசு ஊழியர் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வு, ஐம்பது, அறுபது வயதுகளில் நாள்தோறும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களிடம் மறதி நோயின் வாய்ப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. குறைந்த உறக்கம் நோயை வளர்த்ததா, தலைகாட்டத் தொடங்கிய நோய் உறக்கத்தைக் குறைத்ததா என்பதை முற்றாகப் பிரித்தறிவது கடினம். யானைக்குக் காவலிருப்பவருக்கும், நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து மோட்டாரை இயக்குபவருக்கும், கோவை நூற்பாலையில் இரவுமுறை பார்ப்பவருக்கும் உறக்கம் குறைவது நோயினால் அன்று, பிழைப்பினால். அறிகுறியையும் வாழ்க்கை நெருக்கடியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

உறங்காதவர் தரும் சான்று

இந்நோயின் விந்தை, நோயாளி தன் நோயை அறியாதிருத்தல். கையை ஓங்கியவர் உறங்கிக்கொண்டிருந்தார். அடி வாங்கியவர்தாம் விழித்திருந்தார். ஆகவே, இக்கோளாற்றைக் கண்டறியும் முதற்கருவி மருத்துவமனையில் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறது. ஒரே கேள்வியால் இந்நோயை ஐயுறும் முறை ஒன்றை ஆய்வாளர்கள் 2012இல் வகுத்தபோது, அக்கேள்வியை 'கனவில் நிகழ்வதை நடித்துக் காட்டுவதாக உங்களிடம் யாரேனும் சொல்லியதுண்டா' என்னும் பொருளில் அமைத்தனர். பிறர் சொல்லியிருந்தால்தானே அவருக்குத் தெரியும்! தனியே உறங்கும் முதியவருக்கு இந்தச் சான்றும் இல்லை. வீட்டு மானம் கருதி, கணவன் அடித்ததைக் கனவென்று சொன்னாலும் ஊர் நம்பாது எனத் தோளின் காயத்தை மறைக்கும் மனைவியிடமிருந்தும் அது வெளிவருவதில்லை.

உறக்கத்தில் பேசுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். குழந்தைகள் இரவில் அலறுவதும் எழுந்து நடப்பதும் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் நிகழ்பவை. வளர வளர மறைபவை. எழுப்பினால் அக்குழந்தைக்கு ஒன்றும் நினைவிராது. கனவை நடிப்பவரோ உடனே தெளிந்து கதை முழுவதையும் சொல்வார். கடுங்குறட்டையோடு மூச்சுத் தடைபடும் கோளாறு உடையவர்களும் உதைத்து உருளக்கூடும்; மூச்சைச் சீர்செய்தால் அது நின்றுவிடும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளும் இத்தகைய இரவுகளை உண்டாக்கும். இவற்றையெல்லாம் பிரித்தறிய ஓரிரவு உறக்க ஆய்வு இன்றியமையாதது. தலையில் மூளை மின்னலைக்கும், கண்ணருகே விழியசைவுக்கும், முகவாயிலும் கைகாலிலும் தசைத்துடிப்புக்கும் கம்பிகள் பொருத்தப்படும். மார்பில் பட்டை சுற்றி மூச்சு அளக்கப்படும். விரைவிழி உறக்கத்தில் நேர்கோடாக ஓட வேண்டிய முகவாய்த் தசையின் பதிவு குத்துக்குத்தாக எழுந்தால் ஐயம் உறுதியாகிறது.

உறுதியான பின் எழுவதே கடினமான வினா. இன்றளவும் இச்சிதைவைத் தடுத்து நிறுத்தும் மருந்து இல்லை. பார்க்கின்சன் நோய்க்குரிய தலையாய மருந்தான லீவோடோபா, 1960களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. நம் மரபு மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்ட பூனைக்காலி விதையில் அதே பொருள் இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் 1937இலேயே பிரித்தெடுத்துக் காட்டியிருந்தனர்; அதனை நடுக்குவாதத்தோடு இணைத்துப் பார்க்கும் அறிவு அன்று உலகில் எவரிடமும் இல்லை. அம்மருந்து குறைந்துபோன டோபமினை ஈடுசெய்யும். அணுக்கள் அழிவதைத் தடுக்காது. அளவறியாது விதையைத் தாமே அரைத்து உண்பது இடர் தரும்.

அவ்வாறாயின், நலமாக நடமாடும் ஒருவரிடம் 'பின்னாளில் உமக்கு இந்நோய் வரக்கூடும்' என்று ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் எஞ்சிய நல்ல ஆண்டுகளையும் அச்சம் தின்றுவிடாதா? இவ்வினா மருத்துவர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே முதலில் கேட்டுவிட வேண்டும் என்போர் பலர். சொல்வதற்கும் காரணங்கள் உண்டு. நிலம், கடன், பிள்ளைகளின் படிப்பு என முடிவெடுக்க வேண்டியவற்றைத் தெளிந்த அறிவோடு முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. நடுக்கம் வந்த பின் தரப்பட்ட காப்பு மருந்துகள் பல தோற்றதற்குக் காலம் கடந்து தந்ததும் ஒரு காரணமாகக் கருதப்படுவதால், புதிய மருந்துகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் தேடுவதும் இந்நிலையில் இருப்பவர்களையே. கோளாறு உடைய அனைவரும் சில ஆண்டுகளிலேயே நோயுறுவதில்லை என்பதும் அவரிடம் சொல்லப்பட வேண்டிய உண்மைகளுள் ஒன்று.

சொல்வதா வேண்டாமா என்னும் வினா முடியும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உள. மெலட்டோனின், குளோனாசிபாம் ஆகிய மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் உட்கொண்டால் பெரும்பாலோரிடம் இரவின் கொந்தளிப்பு தணிகிறது. அதற்கு முன்பாகவே வீட்டார் செய்ய வேண்டியவை எளியவை. உயர்ந்த கட்டிலை விடுத்துத் தரையில் மெத்தை விரிக்கலாம். கண்ணாடிச் சன்னலருகே படுக்கை இருந்தால் இடம் மாற்றலாம். மனைவியின் கட்டிலைச் சில காலம் எட்டத் தள்ளிப் போடலாம். தோட்டத்து வீடுகளில் தலைமாட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அரிவாளை அன்றைக்கே எடுத்து வேறிடத்தில் வைத்துவிட வேண்டும்.